தெருமுனையில் நின்ற கால்கள்

ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு வாசகி கோபமாக எழுதியிருக்கிறார். "பெண்கள் வெளியூர் போய்ப் படிக்கக் கூடாது என்று அண்ணன்காரன் சொல்லச் சொல்ல, படிக்கப் போகிற பெண்ணே உட்கார்ந்து அதை எழுதிக் கொடுப்பாளா? சபூராவுக்கு மூளை என்று ஒன்று இருக்கிறதா, இல்லையா?"

இருக்கிறது, அம்மணி. தொல்லையே அதுதான்.

போன வாரம் நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இத்ரீஸ் சின்ன வயதிலேயே வாணியம்பாடிப் பக்கம் அரபு மதரஸாவுக்குப் போய்விட்டவன். அரபும் உருதும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழில் பேசுவான்; எழுத உட்கார்ந்தால் பேனா நகராது. வடக்கேயிருந்து வரும் உருதுப் பத்திரிகைகளில் படித்ததையெல்லாம் ஊர் ஜமாஅத்துக்குச் சொல்ல வேண்டும், அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்று துடித்தான். வீட்டில் நல்ல தமிழ் எழுதுகிறவள் ஒருத்திதான். எட்டாவது தேறி, சென்னையில் உபாத்தியாயினி பயிற்சிக்கு இடம் வாங்கி வைத்திருக்கும் தங்கை சபூரா.

அவள் மறுத்திருக்கலாம். ஆனால் அத்தா, அவள் தகப்பனார் லத்தீப் சாயபு, ஏற்கெனவே சரி என்று சொல்லிவிட்டார். பச்சை வர்ணம் அடித்த தகரப் பெட்டியும் வாங்கியாயிற்று. இனி ஒரு துண்டுக் காகிதம் தன்னை என்ன செய்துவிடும் என்று நினைத்தாள். அண்ணன் மேல் பிரியம் வேறு. இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன். மோசமாக எழுத அவளால் முடியவில்லை. சமைக்கத் தெரிந்தவள் பிடிக்காத விருந்தாளிக்கும் உப்பைச் சரியாகத்தான் போடுவாள்.

அந்தப் பிரசுரம் அரக்கோணத்து அச்சுக்கூடத்திலிருந்து வந்து சேர்ந்த வெள்ளிக்கிழமையைப் பற்றித்தான் இந்த வாரம்.

அன்றைக்குக் கிருத்திகை. மலையடிவாரத்தில் காவடிக் கூட்டம் நெரிந்தது. சரவணப் பொய்கைக்குப் போகிற வழியில் லத்தீப் சாயபுவின் வளையல் கடை. நகரியிலிருந்தும் பள்ளிப்பட்டிலிருந்தும் வந்த பெண்கள் கையை நீட்டிக்கொண்டு முண்டியடித்தார்கள்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். அளவு பார்த்து வளையலை எடுத்துக் கொடுப்பவர் சாயபு. கையைப் பிடித்துப் போட்டுவிடுகிறவள் அவர் மனைவி ரஹமத் பீ. சாயபுவின் தகப்பனார் காலத்திலிருந்தே அப்படி. அந்நியப் பெண்ணின் மணிக்கட்டை அந்தக் குடும்பத்து ஆண்கள் தொட்டதில்லை.

"கையைத் தளர்த்தி விடும்மா. கட்டை மாரி வெச்சிகினு இருந்தா வளையல் உடையாம இன்னா பண்ணும்?" என்று ரஹமத் பீ ஒரு கனத்த அம்மாளை அதட்டிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் பெயர் கௌரியம்மாள். வருஷா வருஷம் வருகிறவள்.

"வலிக்குது பாயம்மா."

"வலிக்காம அழகு வருமா? ஆங், வந்துடுச்சி பாரு."

கை நிறைய அரக்கு நிறக் கண்ணாடி வளையல் குலுங்க, கௌரியம்மாள் வழக்கப்படி ரஹமத் பீயைக் கும்பிட்டாள். அந்த நேரத்தில்தான் இத்ரீஸ் வந்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, கக்கத்தில் பிரசுரக் கட்டு. மூன்று பக்கமும் பெண்கள் இருந்ததால் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அம்மா, எத்தினி வாட்டி சொல்லிட்டேன். நீங்க இப்பிடிக் கடைத்தெருவில உக்காரக் கூடாது."

"சரிடா. நான் எழுந்துக்கறேன்," என்றாள் ரஹமத் பீ. "நீ உக்காந்து இந்தம்மா கையைப் பிடிச்சிப் போட்டு வுடு."

கௌரியம்மாள் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இத்ரீஸுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. பாவம், அவனைப் பார்த்து நாமும் சிரித்துவிடக் கூடாது. யுத்த காலத்தில் சென்னையில் ஒரு துணிக்கடையில் அவன் உருதுவில் கணக்கு எழுதினான். மாலை வேளைகளில் பட்டாளத்துக்காரர்கள் கையைக் கோத்துக்கொண்டு போன பெண்களைப் பார்த்தான். அவர்களில் ஒருத்தி, பர்தாவைக் கழற்றி எறிந்துவிட்டு வந்த ஒரு நல்ல குடும்பத்துப் பெண், பட்டாளம் ஊரைவிட்டுப் போனபின் அதே கடை வாசலில் கையேந்தி நின்றாள். அன்றிலிருந்து அவனுக்குள் ஒரு பயம் உட்கார்ந்துகொண்டது. அந்தப் பயத்துக்கு உருதுப் பத்திரிகைகள் வார்த்தைகளைக் கொடுத்தன.

"வெள்ளைக்காரன் நம்ம நாட்டைப் பிடிச்சான், போவட்டும்," என்றான் தாழ்ந்த குரலில். "இப்ப வீட்டைப் பிடிக்கறான்மா. வீடு ஒண்ணுதான் நம்ம கிட்ட மிச்சம் இருக்கற கோட்டை. அதையும் தொறந்து வுட்டுட்டா அப்பால இன்னா இருக்குது நமக்கு?"

"கோட்டையில அடுப்பு எரியணும்னா இங்க வளையல் விக்கணும்டா," என்று சொல்லிவிட்டு ரஹமத் பீ அடுத்த கையைப் பிடித்தாள்.

லத்தீப் சாயபு இருவருக்கும் நடுவில் வளையல் சரத்தை ஆட்டினார். சண்டை என்றால் அவருக்கு ஆகாது. "வுடுப்பா, வியாபார நேரம். தே பாரு இத்ரீசு, ஞாயித்துக்கெழமை காலையில ரயிலு. ஞானம்மா டீச்சரு சபூராவை அவங்களே கூட்டிகினு போய்ச் சேர்க்கறேன்னு சொல்லிக்கிறாங்க. நீயும் ஸ்டேஷனுக்கு வந்து பெட்டியை ஏத்தி வுடணும்."

"அத்தா, இன்னிக்கி ஜும்மாத் தொழுகைக்கு அப்பால நான் இதைப் பள்ளிவாசல்ல படிக்கப் போறேன். அதைக் கேளுங்க. கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க."

"முடிவுதான் ஆயிடுச்சே."

"கேளுங்க அத்தா. அவ்ளோதான் நான் கேக்கறேன்."

சாயபு தலையாட்டினார். மகன் பள்ளிவாசலில் எழுந்து நின்று பேசப் போகிறான் என்பதில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. சட்டையில் ஒட்டியிருந்த கண்ணாடித் தூளைத் தட்டிக்கொண்டு, கடையை மனைவியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார்.

வீட்டில் சபூரா துணி மடித்துக்கொண்டிருந்தாள். தகரப் பெட்டி திறந்தபடி கிடந்தது. சேலைகள், தொழுகைப் பாய், சீப்பு, ஒரு கூஜா. காலையில் அவளுக்குப் பாடம் சொன்ன ஞானம்மாள் டீச்சர் வந்து, "ரயிலு நமக்காக நிக்காது, சீக்கிரம் வந்துடு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வீட்டின் பின்சுவரும் பள்ளிவாசல் சுவரும் ஒன்றுதான். தொழுகை முடிந்து முற்றத்தில் அண்ணன் குரல் எழுந்ததும், சபூரா துணியைப் போட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினாள். துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து சுவரில் காதை வைத்துக்கொண்டாள்.

அவனுக்குத் தமிழை வேகமாக வாசிக்க வராது. அதனால் முழுவதையும் அவளே வாசித்துக் காட்டி மனப்பாடம் செய்ய வைத்திருந்தாள். அவள் நிறுத்திய இடத்தில் அவன் நிறுத்தினான். அவள் குரலைத் தாழ்த்திய இடத்தில் தாழ்த்தினான்.

"வெள்ளைக்காரன் போகப் போகிறான் என்று எல்லோரும் கொடி தைக்கிறார்கள். அவன் விட்டுப் போகிற சாமான் எது என்று யாராவது பார்த்தார்களா? சோப்புப் பெட்டியில் ஒரு பெண்ணின் முகம். சிகரெட் டப்பாவில் ஒரு பெண்ணின் முகம். சினிமாக் கொட்டகை வாசலில் அதைவிடப் பெரிய முகம். இதுதான் விடுதலை என்றால், யாருக்கு விடுதலை?"

சுவருக்கு அப்பால் 'ஆமாம்' என்று யாரோ முனகினார்கள். சபூராவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சோப்பும் சிகரெட்டும் அண்ணன் சொன்னவை. 'யாருக்கு விடுதலை' அவளுடையது. அவள் பெயர் அந்தக் காகிதத்தில் எங்கும் இல்லை. இருந்தாலும் ஊர் ஆண்கள் அத்தனை பேரும் வாயடைத்துக் கேட்பது தன் வாக்கியத்தை என்று அவளுக்குத் தெரிந்தது. சந்தோஷப்பட்டாள். சந்தோஷப்பட்டது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

பிறகு இத்ரீஸ் ஒரு வேத வசனத்தை அரபியில் ஓதினான். அவனுக்கு நல்ல குரல். மறுமை நாளில் மனிதனின் வாய் மூடப்பட்டுக் கையும் காலும் சாட்சி சொல்லும் என்பது அதன் கருத்து. அரக்கோணத்து அச்சுக்கூடத்தில் அரபு எழுத்து கிடையாது. அதனால் பிரசுரத்தில் அந்த இடம் வெறும் புள்ளிகளாக இருந்தது. புள்ளிகளுக்கு அடுத்த வரி தமிழில் தொடங்கியது. இத்ரீஸ் ஓதி முடித்த அதே மூச்சில் அந்த வரிக்கு வந்தான்.

"பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு, அவள் திரும்பி வரும்வரை தெருமுனையில் நின்ற தகப்பனின் கால்களை அன்றைக்குக் கேட்பார்கள், ஏன் நடுங்கினீர்கள் என்று. கால்கள் மறைக்காமல் சொல்லிவிடும்."

முற்றத்தில் ஒரு கிழக்குரல் விம்மியது. அதைத் தொடர்ந்து இன்னொன்று.

இந்த வரி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். இது இத்ரீஸ் சொன்னது அல்ல. சபூரா தினமும் கண்ணால் பார்த்தது. அவள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரத்துக்கு, செக்கு மேட்டு முனையில் அத்தா நிற்பார். கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார். அவள் தலை தெரிந்ததும், வேறு ஏதோ வேலையாக வந்தவர் போலத் திரும்பி முன்னால் நடந்துவிடுவார். ஒரு நாளும் அதைப் பற்றி அவர் பேசியதில்லை, அவளும் கேட்டதில்லை. எழுதிக்கொண்டிருந்தபோது அந்தக் கால்கள் ஞாபகத்துக்கு வந்தன. எழுதினாள். அண்ணனும் 'நல்லாருக்குதே' என்றான்.

நம் ஊர்களில் ஒரு பழக்கம் உண்டு. அரபி தெரியாத ஜனங்கள், ஓதலுக்கு அடுத்து வருகிற தமிழை அந்த ஓதலின் அர்த்தம் என்றே எடுத்துக்கொள்வார்கள். தொழுகை நடத்துகிற ஹஜ்ரத் எப்போதும் அப்படித்தான் செய்வார். முதலில் வசனம், உடனே அர்த்தம். சபூரா பள்ளிவாசலுக்குள் போனதில்லை, அதனால் அவளுக்கு இது தோன்றவில்லை. இத்ரீஸ் மதரஸாவில் அரபி தெரிந்தவர்களுக்கு நடுவிலேயே வளர்ந்தவன், அவனுக்கும் தோன்றவில்லை.

கிருத்திகை அன்றைக்குக் கடைக்குத் திரும்பாமல் லத்தீப் சாயபு பட்டப்பகலில் வீட்டுக்கு வந்தது அதுவே முதல் தடவை. வந்தவர் தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"தண்ணி குடும்மா."

கொடுத்தாள். குடிக்கவில்லை. சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"சபூரா, மெட்ராசு வேணாம்மா."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "இன்னா அத்தா?"

"வேணாம். டீச்சரு கிட்ட நானே சொல்லிக்கறேன். என் மேல கோச்சிக்காத கண்ணு. என் காலைப் பத்தி வேதத்தில சொல்லிக்குது."

"அத்தா…"

"நான் அந்த முனையில நின்னது யாருக்குமே தெரியாதும்மா. உங்கம்மாவுக்குக் கூடத் தெரியாது. அங்க நின்னுகினு நான் நடுங்கனது எனக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். இன்னிக்கி உங்கண்ணன் வாயால அவன் என்னையே கேக்கறான், ஏன்டா நடுங்கனேன்னு. தெனம் ஒரு தெரு தாண்டி நீ வர்றதுக்கே அப்பிடின்னா, மெட்ராசுக்கு அனுப்பிட்டு நான் எங்க போய் நிப்பேன்?"

சபூரா எத்தனையோ விதமாக அத்தா மறுப்பார் என்று பயந்து, ஒவ்வொன்றுக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தாள். தன் வரியைக் கொண்டுவந்து தன் முன்னால் வைப்பார் என்று அவள் நினைக்கவேயில்லை.

அப்போது இத்ரீஸ் உள்ளே வந்தான். முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தது. "அத்தா, பள்ளிப்பட்டு ஜமாஅத்துக்காரங்க வந்திருந்தாங்க. அடுத்த ஜும்மா அங்க வந்து படின்னு…"

"நீ சொன்ன அந்த ஆயத்து, காலைப் பத்தின வசனம், அதை இன்னொரு வாட்டி சொல்லுப்பா," என்றார் சாயபு.

இத்ரீஸ் அரபியில் ஓதினான்.

"தமிழ்ல."

"அந்த நாளில கைகாலு சாட்சி சொல்லும்னு."

"அது இல்லப்பா. தெருமுனையில நின்ன தகப்பன்னு வந்துச்சே."

இத்ரீஸ் தங்கையைப் பார்த்தான். முகத்திலிருந்த வெளிச்சம் போன இடம் தெரியவில்லை. "கொஞ்சம் இருங்க அத்தா, கை காலு கழுவி ஒளு செஞ்சிகினு வரேன்" என்று பின்கட்டுக்குப் போய்விட்டான்.

சபூரா பின்னாலேயே போனாள். அவன் கிணற்றடியில் வாளியைப் பிடித்தபடி நின்றான். தண்ணீர் இறைக்கவில்லை.

"சொல்லு அண்ணா. அது வசனம் இல்ல, இவ எழுதினதுன்னு அவர் கிட்ட சொல்லு."

"நான் வசனம்னு சொல்லவே இல்லியே."

"நீ சொல்லலை. அவர் நம்பிட்டாரு."

இத்ரீஸ் வாளிக் கயிற்றைப் பிரிக்கத் தொடங்கினான்.

"நான் போவக் கூடாதுன்னு நீ நெனைக்கறே. அது எனக்குத் தெரியும்," என்றாள் சபூரா. "அதை வாதாடி ஜெயிச்சிக்கோ. இப்பிடி வேணாம்."

"வாதாடினா நீ கேப்பியா?"

"கேட்டேனே. கேட்டுத்தானே எழுதினேன். சோப்புப் பெட்டி சமாசாரம் சரின்னுதான் எழுதினேன். படிக்கறதும் அதுவும் ஒண்ணுன்னு நீ சொன்னப்பதான் எனக்கு ஒத்துக்கலை."

"நானும் படிக்காதேன்னு சொல்லலை. வீட்டோட இருந்து படின்னேன். பொம்பளை டீச்சரு வீட்டுக்கு வந்து சொல்லிக் குடுக்கட்டும்."

"அந்தப் பொம்பளை டீச்சரு எந்த வீட்டில இருந்துகினு படிச்சிட்டு வந்தாங்க அண்ணா?"

அவன் வாளியைக் கீழே வைத்தான். ஆண்டவன் வார்த்தையோடு மனுஷ வார்த்தையைக் கலப்பது எத்தனை பெரிய பாவம் என்று அந்த வீட்டில் அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. தெரிந்தே கலக்கவில்லை, வாஸ்தவம். ஆனால் இப்போது தெரிந்துவிட்டது. இனி வாய் மூடி இருந்தால் அது தெரிந்து செய்ததாகிவிடும். சொன்னாலோ, பள்ளிவாசலில் அழுத கிழவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? பள்ளிப்பட்டு ஜமாஅத்துக்கு என்ன சொல்வது? இதைவிட ஒன்று அவனைத் தின்றது. சொல்லிவிட்டால் தங்கை ரயில் ஏறிவிடுவாள். துணிக்கடை வாசலில் கையேந்தி நின்றவளின் முகம் அவன் கண்ணைவிட்டுப் போகவில்லை.

"ஞாயித்துக்கெழமை கழியட்டும்," என்றான் தலையைக் குனிந்தபடி. "அப்பால சொல்லிடறேன்."

சபூரா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன் பொய் சொல்லிக் கேட்டறியாதவள் அவள். இப்போதும் அவன் பொய் சொல்லவில்லை, நாள் கேட்டான். அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. அழாமல் திரும்பி உள்ளே நடந்தாள்.

அத்தா அதே இடத்தில் இருந்தார். சொம்புத் தண்ணீர் அப்படியே இருந்தது.

"அத்தா, அந்தத் தெருமுனை வரி வேதத்தில இல்ல. நான் எழுதினது."

சாயபு நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணன் சொல்லச் சொல்ல நான்தான் அந்தக் காகிதம் முழுக்க எழுதினேன். அண்ணன் ஓதினது வசனம். அதுக்கு அப்பால வந்தது என் வார்த்தை. செக்கு மேட்டில நீங்க நிக்கறதைத் தெனம் பார்த்துகினுதான் வருவேன். அதை எழுதிட்டேன். ஆண்டவன் உங்களைக் கேக்கலை அத்தா."

கோபப்படுவார், அடிக்கக்கூடச் செய்வார் என்று சபூரா எதிர்பார்த்தாள். அவர் முகம் வேறு விதமாக மாறியது.

"நீ பார்த்தியா?"

"ஆங்."

"நான் நடுங்கறதையும் பார்த்தியா?"

"பார்த்தேன் அத்தா."

சாயபு சொம்பைத் தரையில் வைத்தார். "ஆண்டவன் கேட்டான்னு நெனைச்சிகினு இருந்தேன்மா. அவன் கிட்ட அழுது மன்னிப்புக் கேட்டுக்கினாவது உன்னை அனுப்பி இருப்பேன். அவன் பெரியவன், மன்னிச்சிடுவான். நீ பார்த்திருக்கறே. பார்த்துட்டும் போறேன்னு சொல்றே. பயமில்லாதவன் மாரி உன் எதிர்ல இனிமே நடிக்க முடியாது. இப்ப நான் எப்பிடிம்மா அனுப்புவேன்?"

சபூரா அழுதுவிட்டாள். உண்மையைச் சொன்னால் கதவு திறக்கும் என்று நம்பி வந்தவள் அவள். அது இன்னும் இறுகிக்கொண்டது. பின்கட்டு நிலையருகில் இத்ரீஸ் நின்றான். எப்போது வந்தான் என்று தெரியாது. தான் சொல்ல வேண்டியதைத் தங்கை சொல்லி முடித்ததை அவன் கேட்டுவிட்டான்.

வாசலில் வளையல் கூடை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. ரஹமத் பீ. கிருத்திகைக் கூட்டத்தைத் தனியாளாகச் சமாளித்து, சாயபு திரும்பாததால் சீக்கிரமே கடையைக் கட்டி, கூடையைத் தலையில் சுமந்துகொண்டு காவடிக்காரர்களுக்கு நடுவில் நடந்து வந்திருக்கிறாள். விரல் நுனிகளில் கண்ணாடி கீறிய ரத்தம் காய்ந்திருந்தது. அவள் உள்ளே வரவில்லை. நடையிலேயே நின்று எல்லாரையும் ஒரு முறை பார்த்தாள்.

"கடைசியா பேசினது காதுல வுழுந்துச்சி," என்றாள். "தெருமுனையில தெனம் நின்னிங்களா?"

சாயபு தலையாட்டினார்.

"நான் கல்யாணமாகி வந்த நாளா அதே முனையைத்தான் தாண்டி வரேன். இருட்டுல வந்துக்கிறேன். இவனை வயித்துல வெச்சிகினு, கூடையும் தூக்கிகினு வந்துக்கிறேன். குடிகாரனுங்க நிக்கற வழி அது." ரஹமத் பீயின் குரல் உயரவில்லை. "எனக்காக அந்தக் காலு ஒரு நாளாவது வந்து நின்னுச்சா?"

சாயபு குனிந்து தன் கால்களையே பார்த்தார்.

அவள் கூடையைத் தாண்டி உள்ளே வந்தாள். சபூரா மடித்துப் போட்டிருந்த கடைசிச் சேலையை எடுத்துத் தகரப் பெட்டிக்குள் வைத்து, மூடியைச் சாத்தினாள். பூட்டு அவள் கையில் இருந்தது. அதைப் பூட்ட வேண்டிய சாவி சாயபுவின் இடுப்பில் இருந்தது. அவள் கையை நீட்டினாள். கைப்பிடித்து வளையல் போடப் பழகிய கை அது, நீட்டினால் நடுங்காது.

லத்தீப் சாயபுவின் கை இடுப்பில் சாவியின் மேல் போய் அங்கேயே நின்றது.